பூ: மாதிரி கிடைக்கவில்லை

செப்டம்பர் கடைசியில் டிரானாவுக்கு வந்து சேர்ந்தன,
வடக்கு மலைகளிலிருந்து, காலைப் பேருந்தின் கூரையில்.
சாக்கில் வேர். மாவுப்பையில் இலை.
தண்டுகளை மட்டும்
பழைய காற்சட்டையின் ஒற்றைக் காலில் திணித்து
இரண்டு முனையிலும் கட்டியிருந்தார்கள்.
ஆய்வகமெங்கும் ஈரமண் வாசம், கொஞ்சம் ஆட்டு வாசம்.
காவலர் இரண்டு முறை தும்மிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார்.

ஜென்ஷியன்.
மலைக்காரர்களுக்கு சானஸ்.
ஒரு கீற்று வேரை நாக்கில் வைத்தேன், விதிமுறைக்கு விரோதமாக.
மதியச் சோற்றிலும் இருந்தது அந்தக் கசப்பு,
மறுநாள் பல் துலக்கும்போதும் இருந்தது,
முன்பணம் கொடுத்துவிட்ட குடித்தனக்காரன் மாதிரி.

நிழலில் உலர்த்தினேன். இடித்தேன். சலித்தேன்.
எல்லாம் சேர்ந்திருந்தால் சமூலம்;
எனக்கு ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு குடுவை.
மெத்தனாலில் ஊறவைத்து
இயந்திரம் இரவெல்லாம் குலுக்கியது.
எனக்குத் தலைவலி.

பிறகு அந்த ஊதாத் திரவம்.
ஓர் எலெக்ட்ரான் குறைந்து தவிக்கிற மூலக்கூறுகள்;
யாரிடமாவது பறித்தால்தான் அடங்கும்.
கொடுக்கிறவர் கொடுத்தால் வெளுத்து மஞ்சளாகும்.
எவ்வளவு வெளுத்தது என்று ஐந்நூற்றுப் பதினேழில் அளப்பேன்.
அதுவரை அரைமணி நேரம்
இருட்டில் மூடி வைக்க வேண்டும்.

அந்த இருட்டில்தான் ஷ்குர்தே போன் செய்வாள்.
தோண்டி அனுப்புகிறவள்.
"எது ஜெயித்தது?" என்பாள், பந்தாட்டம் கேட்பதுபோல.

இலை.
மூடியைத் திறந்தபோதே இலைக்குழாய் மஞ்சள்.
தண்டு சோம்பேறி.
வேர், கடப்பாரை போட்டு எல்லோரும் கெல்லும் வேர்,
பாதி ஊதாவிலேயே நின்றுவிட்டது.
நம்பாமல் மூன்று தடவை செய்தேன்.
மூன்று தடவையும் இலை.

சொன்னேன். சொல்லும்போது குரலில் கொஞ்சம் துள்ளல்:
இலையைக் கிள்ளினால் செடி சாகாது,
அடுத்த வருடமும் அதே இடத்தில் நிற்கும்,
உன் முதுகும் பிழைக்கும்.
மறுமுனையில் நாய் குரைத்தது.
கதவு சாத்தும் சத்தம்.

"இலைக்கு ஷ்கோதர் வியாபாரி லெக் தருவானா?"

தரமாட்டான்.
அவன் வாங்குவது கசப்பு.
எங்கோ ஒரு மதுவுக்கும் எங்கோ ஒரு வயிற்றுக்கும்
கப்பலேறுகிற கசப்பு.
ஊதாவை வெளுக்க வைத்ததற்காக
உலகில் எந்தத் தராசும் தாழ்ந்ததில்லை.
இதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

அட்டவணை போட்டேன்.
வேர். தண்டு. இலை. பூ.
நான்காவது நிரல் முழுக்கக் காலி.
"பூ ஏன் அனுப்பவில்லை?"

சிரித்தாள். இருமலும் சேர்ந்து வந்தது.
"பூக்கப் பத்து வருடமாகும், அம்மணி.
அதுவரை விட்டுவைத்தால்
அடுத்த வீட்டு ஸ்யுமேரின் மண்வெட்டிக்குத்தான்.
பதினான்கு வருடமாகத் தோண்டுகிறேன்,
பூவைப் பார்த்தது இரண்டு தரம்.
இரண்டு தரமும் எட்டாத பாறையில்.
என் மகள் பள்ளிக்கூடத்தில் அதை நீலமாக வரைந்திருக்கிறாள்,
மருந்துப் பெட்டியில் நீலமாம்."

எங்கள் மலையில் அது மஞ்சள்.
மகளிடம் சொன்னாயா என்று கேட்டேன்.
"ஆசிரியை பத்துக்குப் பத்து போட்டுவிட்டாள்," என்றாள்.

காலி நிரலை எடுத்துவிடு, அசிங்கமாக இருக்கிறது
என்றார் துறைத்தலைவர்.
எடுக்கவில்லை.
அடியில் சின்ன எழுத்தில்: மாதிரி கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாக்குகளை உதறி மடித்தேன்,
மாலைப் பேருந்தில் திருப்பியனுப்ப.
காற்சட்டைக் காலை மட்டும் துவைத்தேன்,
ஏனென்று கேட்டால் தெரியாது.
முழங்காலில் தடித்த ஒட்டுத்துணி, கறுப்பு நூலில்,
அவசரத் தையல்.
அதன்மேல் வட்டமாக ஒரு மஞ்சள் கறை.
சோப்புப் போட்டேன்.
மெத்தனால் தொட்டும் தேய்த்துப் பார்த்தேன்.

போகவில்லை.